புதுக் காருக்கு ஷோரூம் கோட்டிங் தேவையா? வேலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் இருபது வருடமாகப் பெயிண்டர் வேலை பார்க்கிறேன். ஆயுத பூஜை, பொங்கல் நெருங்கினால் போன் ஓயாது. புதுக் கார் புக் பண்ணியவர், பண்ணியவரின் மச்சான், பண்ணலாமா என்று யோசிப்பவர் என்று எல்லோரும் கேட்பது ஒரே விஷயம்தான். ஒவ்வொருவரிடமும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

கார் புக் பண்ணிவிட்டேன். பெயிண்ட் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். போடலாமா?

ஷோரூமில் வேண்டாம். கோட்டிங் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது. டெஃப்லான் என்று சொல்வது மெழுகுப் பாலிஷுக்கு உறவுக்காரன். செராமிக் என்பது தடவினால் காய்ந்து இறுகும் திரவம், கொஞ்சம் நிஜமான சரக்கு, ஆனால் போடுகிற கையைப் பொறுத்தது. மூன்றாவது பிபிஎஃப் என்கிற பிளாஸ்டிக் படலம். கல்லடியைத் தாங்குவது அது ஒன்றுதான். ஷோரூமில் பெரும்பாலும் விற்பது முதலாவது. இல்லாவிட்டால் இரண்டாவதை முதலாவதின் வேகத்தில் தடவிக் கொடுப்பார்கள்.

டெஃப்லான் என்றால் ஒட்டாத தோசைக்கல்லில் இருப்பதுதானே? அது காரில் ஒட்டினால் நல்லதுதானே?

அங்கேதான் சிக்கல். தோசைக்கல்லில் டெஃப்லான் பிடிக்க வேண்டுமென்றால் உலையில் 350 டிகிரிக்கு மேல் வைத்துச் சுட வேண்டும். கார் கம்பெனியில் பெயிண்டையே சுமார் 140 டிகிரியில்தான் சுடுகிறார்கள். ஷோரூம் பின்பக்கம் ஒரு பையன் ஸ்பான்ஜில் தொட்டு, தேய்த்து, துணியால் துடைத்தால் எந்த டெஃப்லானும் உருகி ஒட்டாது. எதன் மேலும் ஒட்டாததால்தான் அது பேர் வாங்கியதே. பாட்டிலில் இருப்பது செயற்கை மெழுகு மாதிரியான ஒரு பாலிமர் பாலிஷ். போட்ட அன்றைக்குப் பளபளவென்று இருக்கும். நாலைந்து மாதத்தில் தண்ணீரோடு போய்விடும்.

இதை நான் கற்றது சொந்தக் காசில். 2017-ல் ஒரு சின்னக் கார் எடுத்தேன். பெயிண்டர் நானே, எனக்கே, டெஃப்லானுக்கு 5,500 ரூபாய் பில் போட்டார்கள். வீட்டில் எல்லோரும் கூட இருந்தார்கள், பேரம் பேசக் கூச்சமாக இருந்தது, கொடுத்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல். மண் போகக் கழுவாமல் அழுக்குத் துணியால் தேய்த்திருக்கிறார்கள். பாதுகாப்புக்குப் பணம் கொடுத்து, கீறல் வாங்கி வந்த கதை.

கார் பெயிண்ட் எத்தனை தடிமன்? கோட்டிங் எத்தனை தடிமன்?

இந்தக் கணக்கு தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தகரத்தின் மேல் துரு தடுக்கும் பிரைமர், அதன் மேல் இன்னொரு பிரைமர், அப்புறம் கலர், கடைசியாகக் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லாம் சேர்த்துச் சுமார் 100 மைக்ரானுக்கு முன்பின் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். வெயிலைத் தடுக்கும் மருந்து கலந்திருப்பது அந்தக் கிளியர் கோட்டில்தான். அதாவது உங்கள் காருக்குக் கம்பெனியிலேயே ஒரு பாதுகாப்புக் கோட்டிங் போட்டு, சுட்டு அனுப்பிவிட்டார்கள்.

செராமிக் கோட்டிங் அதன் மேல் ஒன்று, இரண்டு மைக்ரான். பிபிஎஃப் 150-லிருந்து 200 மைக்ரான். கல் வந்து அடித்தால் எது தாங்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

'9 ஹெச் கடினம்' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே. சாவியால் கிழித்தாலும் கீறாதாம்?

9 ஹெச் என்பது பென்சில் கணக்கு. ஹெச்பி, 2 ஹெச் என்று பள்ளிக்கூடத்தில் டிராயிங்குக்கு வாங்குவோமே, அதே வரிசையில் 9 ஹெச் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டால் கீறல் விழவில்லை என்று அர்த்தம். வைரத்தை அளக்கும் கணக்கு வேறு, அதில் வைரம் பத்து. இரண்டையும் குழப்பி, வைரத்துக்கு அடுத்தது எங்கள் கோட்டிங்தான் என்கிற மாதிரி பேசுவார்கள். பென்சிலுக்குத் தாங்குவது சாவிக்குத் தாங்காது. மண்ணுக்கும் தாங்காது. மண்ணில் இருப்பது குவார்ட்ஸ் என்கிற கடினமான கல், நம் மலையெல்லாம் கருங்கல், ரோட்டோரப் புழுதியில் என்ன இருக்கும்?

அப்படியானால் செராமிக்கால் ஒரு பயனும் இல்லையா?

இருக்கிறது. கழுவுவது சுலபம். புழுதி அழுத்தமாகப் பிடிக்காது, தண்ணீர் உருண்டு ஓடும், பறவை எச்சம் உடனே அரிக்காமல் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். நிறம் ஆழமாகத் தெரியும். கறுப்பு, கருநீலக் காருக்கு அந்த அழகு நிஜம், நான் மறுக்கவில்லை. ஒழுங்காகப் போட்டால் இரண்டு, மூன்று வருடம் நிற்கும்.

ஆனால் அந்த 'ஒழுங்காக' என்கிற வார்த்தையில்தான் விலை இருக்கிறது. காரைக் கழுவ வேண்டும். கிளே என்கிற களிமண் மாதிரியான கட்டியால் தேய்த்து ஒட்டியிருக்கும் துகள்களை எடுக்க வேண்டும். இருக்கிற கீறலை மெஷின் பாலிஷ் பண்ணிப் போக்க வேண்டும். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, புழுதி இல்லாத அறையில் கோட்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, சரியான நேரத்தில் துடைக்க வேண்டும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ போடக் கூடாது. குறைந்தது ஒன்றரை, இரண்டு நாள் வேலை. டெலிவரி அவசரத்தில் இருக்கும் ஷோரூமில் இதற்கு யாருக்கு நேரம்? கீறலோடு சேர்த்து மேலே கோட்டிங் போட்டால், அந்தக் கீறலைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்த மாதிரி.

விலை வித்தியாசம் எவ்வளவு?

என்னிடம் வருகிறவர்கள் காட்டும் பில்களில் டெஃப்லான் 4,000-லிருந்து 8,000 வரை, செராமிக் 20,000-லிருந்து 40,000 வரை பார்த்திருக்கிறேன். ஒரு காருக்குச் செலவாகும் செராமிக் 30-லிருந்து 50 மில்லி. சின்ன பாட்டில். மிச்சமெல்லாம் கைவேலைக்குக் கொடுக்கிற காசு என்றுதான் நியாயமாக நினைக்க வேண்டும். அந்தக் கைவேலை நடக்கவில்லை என்றால் லாபம். ஷோரூமைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. காரில் அவர்களுக்கு நிற்கும் லாபம் கம்மி. இன்சூரன்ஸ், சீட் கவர், கோட்டிங் இதில்தான் ஈடுகட்டுகிறார்கள். அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள், நாம் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளியே டீட்டெய்லிங் கடையில் (காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் கடை) போடுவதாக இருந்தால், முன்னால் செய்த இரண்டு மூன்று கார்களை மதிய வெயிலில் காட்டச் சொல்லுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாக் காரும் அழகுதான்.

வேலூர் வெயிலுக்குக் கோட்டிங் இல்லாவிட்டால் பெயிண்ட் வெளுத்துவிடும் என்று சேல்ஸ் பையன் சொன்னான்.

வெயில் விஷயத்தில் அவன் சொன்னது பொய்யில்லை. அக்னி நட்சத்திரத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக வெப்பம் என்று செய்தியில் வேலூர் பேர் வராத வருடம் உண்டா? 40 டிகிரி தாண்டும் நாளில் வெட்டவெளியில் நிற்கும் கறுப்புக் காரின் பானட்டில் கை வைக்க முடியாது.

ஆனால் ஒன்றிரண்டு மைக்ரான் படலம் வெயிலில் எவ்வளவு தடுக்கும்? அந்த வேலையைச் செய்வது கிளியர் கோட்தான். என்னிடம் ரூஃப் வெளுத்து, கிளியர் கோட் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும் கார்கள் ஏறக்குறைய எல்லாம் பத்து வருடம் வெட்டவெளியில் நின்றவை, இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு மட்டமான லாக்கர் அடித்தவை. நிழலில் நிறுத்துவதற்கு ஈடு எந்த பாட்டிலிலும் இல்லை. ஆனால் எந்த நிழல் என்று பார்க்க வேண்டும். புளியமரத்தடியும் வேப்பமரத்தடியும் காக்காய்க்கும் பிடித்த இடம்.

காக்காய் எச்சம் உண்மையிலேயே பெயிண்டை அரிக்குமா?

அரிக்கும். எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் கிளியர் கோட் இளகியிருக்கும்போது விழுந்து, அப்படியே காய்ந்து, சாயங்காலம் பெயிண்ட் இறுகும்போது அந்தத் தடமும் சேர்ந்து பதிந்துவிடும். கோட்டிங் இருந்தாலும் இரண்டு நாள் விட்டால் இதே கதிதான். காரில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மைக்ரோஃபைபர் துணியும் வையுங்கள். ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊற வைத்து எடுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர், பயங்கர உப்பு. கோட்டிங் போட்டால் உப்புக் கறை பிடிக்காதாமே?

நம் ஊரில் பெயிண்டுக்கு முதல் எதிரி இதுதான் என்பேன். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காவிரித் தண்ணீர் குடிக்க வருகிறது, கார் கழுவுவது போர் தண்ணீரில்தான். ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்பு உப்புதான் காரிலும் படிகிறது. காலை பத்து மணி வெயிலில் காரைக் கழுவி, துடைக்காமல் விட்டால், ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டம். அதை அப்படியே விட்டு மேலே மேலே கழுவினால் கிளியர் கோட்டுக்குள் இறங்கிவிடும். அப்புறம் பாலிஷ் போட்டால்தான் போகும். ஒவ்வொரு பாலிஷுக்கும் கிளியர் கோட்டில் ஒன்றிரண்டு மைக்ரான் கழியும்.

இதில் கோட்டிங் உதவாது. சில நேரம் கூடுதல் தொல்லை. கோட்டிங் போட்ட காரில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், வீடியோ எடுத்துப் போடுவார்கள். வெயிலில் அந்த முத்து ஒவ்வொன்றும் காய்ந்தால் அதிலிருந்த உப்பு மொத்தமும் ஒரே இடத்தில் வட்டமாகத் தங்கும். கோட்டிங் போட்ட ஆறே மாதத்தில் கண்ணாடியெல்லாம் உப்புப் புள்ளியோடு வந்த கார்களைப் பார்த்திருக்கிறேன். ஷோரூமில் கேட்டால், நீங்கள் கழுவிய தண்ணீர் சரியில்லை என்பார்கள். அதுவும் உண்மைதான். விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்பதுதான் நம் கேள்வி.

விடியற்காலையிலோ சாயங்காலமோ கழுவுங்கள். ஒவ்வொரு பகுதியாகக் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். கடைசியாக ஊற்றும் ஒரு வாளி மட்டும் குடிதண்ணீராகவோ பிடித்து வைத்த மழைத் தண்ணீராகவோ இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புதிதாகப் பிடித்த வெள்ளைப் புள்ளிக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, உடனே கழுவிவிடுங்கள், போய்விடும். வெயிலில் சூடாக இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம்.

வாரா வாரம் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறேன். முன்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பெயிண்ட் போகிறது. இதற்கு என்ன வழி?

இங்கேதான் நான் செலவு செய்யச் சொல்வேன். வாலாஜா டோல் தொடங்கிப் பள்ளிகொண்டா, வாணியம்பாடி வரை அந்த ஹைவேயில் ஜல்லி லாரியும் எம்-சாண்ட் டிப்பரும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டாத டிப்பருக்குப் பின்னால் 100-ல் போனால் எந்தச் செராமிக்கும் காப்பாற்றாது. பானட் நுனி, பம்பர், பக்கக் கண்ணாடியின் மூடி, கதவுக்குக் கீழ்ப்பகுதி, இவை மட்டும் பிபிஎஃப் ஒட்டுங்கள். முழுக் காருக்கும் ஒட்டினால் லட்சத்தைத் தொடும் வேலை. நம் சம்பளக்காரர்களுக்கு அது தேவையில்லை. முன்பக்கம் மட்டும் என்றால் அதில் ஒரு பங்குதான்.

பிபிஎஃப்பில் இரண்டு ரகம். டிபியு என்கிற பாலியூரிதேன் படலம் இழுபடும், லேசான கீறல் வெயில் சூட்டில் தானாக மறையும். பிவிசி படலம் மலிவு, ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் மஞ்சளாகி, ஓரம் தூக்கி, உரிக்கும்போது பசையை விட்டுவிட்டு வரும். பில்லில் டிபியு என்று எழுதி வாங்குங்கள். படலத்தின் ஓரத்தைக் காரின் மேலேயே வைத்துப் பிளேடால் அறுப்பார்களா, கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்து வருவார்களா என்றும் கேளுங்கள். பிளேடு கோடு கிளியர் கோட்டில் இறங்கி, அதை நான் பட்டி வைத்துச் சரிசெய்த வண்டிகள் உண்டு.

அப்புறம் இலவச வைத்தியம் ஒன்று: டிப்பருக்குப் பின்னால் போகாதீர்கள்.

கோட்டிங் ஏற்கெனவே போட்டாச்சு, எடுக்க முடியாது, பணம் கட்டினால்தான் டெலிவரி என்கிறார்கள். கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை (restrictive trade practice) என்கிறது. நீங்கள் கேட்காமல் போட்டிருந்தால் அது அவர்கள் செலவு. சண்டை போட வேண்டாம். "சரி சார், கோட்டிங் கட்டாயம் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள், பெரும்பாலும் அதோடு பில்லிலிருந்து போய்விடும். போகவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். இன்சூரன்ஸும் அங்கேதான் எடுக்க வேண்டும் என்பதில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

புக்கிங் பாரத்திலேயே "ஆக்சஸரி, கோட்டிங் எதுவும் வேண்டாம்" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

ஐந்து வருட வாரண்டி கார்டு கொடுக்கிறார்களே?

கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கல்லடி, கீறல், பறவை எச்சம், உப்புக் கறை, இதெல்லாம் அடங்காது என்று இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கேயே பணம் கட்டிப் பராமரிப்பு செய்து முத்திரை வாங்கினால்தான் வாரண்டி உயிரோடு இருக்கும். எது கெடுமோ அது எல்லாம் போக மிச்சம் என்ன இருக்கிறது, எனக்கும் இதுவரை புரியவில்லை.

அடியில் துரு பிடிக்காமல் கறுப்பாக ஒன்று அடிக்கிறார்களே, அது?

புதுக் காருக்கு அவசரமில்லை. நாம் கடற்கரை ஊர் இல்லை, கம்பெனியே அடிப்பகுதியில் வேண்டிய இடத்தில் போட்டுத்தான் அனுப்புகிறது.

வெள்ளைக் காருக்குக் கோட்டிங் தேவையில்லை என்கிறார்கள், சரியா?

பாதி சரி. கீறல் வெள்ளையில் தெரியாது, அவ்வளவுதான். புழுதி, தார்ப் பொட்டு, பிரேக் தூசியின் துருப்புள்ளி எல்லாம் நன்றாகத் தெரியும்.

சரி, பணம் செலவழிக்காமல் நானே என்ன செய்வது?

முதலில் அந்தப் பழைய பனியன் துணியைத் தூக்கிப் போடுங்கள். காலையில் எழுந்ததும் உலர்ந்த துணியால் கார் முழுக்கத் தட்டித் துடைக்கும் பழக்கம் நம் ஊரில் பாதி வீட்டில் உண்டு. இரவெல்லாம் படிந்த மணலை வைத்து உப்புத்தாள் போடுவதும் அதுவும் ஒன்றுதான். கோழி இறகு மாதிரி மெத்தென்ற டஸ்டரும் மணலை இழுத்துக்கொண்டுதான் போகும். தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கின பிறகுதான் துணி படவேண்டும்.

இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்பூவில் தோயுங்கள். பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டாம், மெழுகையெல்லாம் வழித்து எடுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது நல்ல மெழுகு, கார்னாபா என்கிற பனை மெழுகோ, தெளித்துத் துடைக்கும் ஸ்பிரே சீலன்டோ, 500-லிருந்து 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். ஷோரூமில் டெஃப்லான் என்று போடுவதும் இதே குடும்பம்தான். ஒரு பாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் வரும்.

வெட்டவெளியில் நிறுத்துபவர்கள் கவர் போடலாம், ஆனால் கழுவின காருக்கு மட்டும். புழுதிக் காரின் மேல் கவரைப் போட்டு, ஆடிக் காற்றில் அது இரவெல்லாம் ஆடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆறு வருடப் பழைய காருக்குச் செராமிக் போடலாமா?

முதலில் மைக்ரான் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே நாலைந்து முறை ரப்பிங் பாலிஷ் போட்ட வண்டியென்றால் கிளியர் கோட் மெலிந்திருக்கும், மறுபடி மெஷின் வைத்தால் ஓரத்தில் பிரைமர் தெரிந்துவிடும். புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவோ பம்பரோ இருந்தால் ஒரு மாதமாவது விட்டு அப்புறம்தான் கோட்டிங், உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.

விற்கும்போது கோட்டிங்குக்குத் தனி விலை கிடைக்குமா?

கிடைக்காது. வாங்குபவர் ஓடோமீட்டர், டயர், சர்வீஸ் புத்தகம் பார்ப்பார். பானட் பளபளப்பைப் பார்த்தால், விபத்தில் அடிபட்டுப் பெயிண்ட் அடித்த வண்டியோ என்று சந்தேகப்படுபவர்கள்தான் அதிகம்.

டெலிவரி எடுக்கும்போது பெயிண்டில் என்ன பார்க்க வேண்டும்?

பகலில் போங்கள், காரை வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். பானட், ரூஃப், கதவு ஓரங்களைச் சாய்ந்த பார்வையில் பாருங்கள். போக்குவரத்தில் இடிபட்டு ஷோரூமிலேயே டச்-அப் அடித்திருந்தால் அந்த இடம் மட்டும் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சொரசொரப்பாகத் தெரியும். ரப்பர் பீடிங் ஓரத்தில் பெயிண்ட் தெறித்திருந்தால் அது கம்பெனி வேலை இல்லை. பாலிஷ் எதுவும் போட வேண்டாம், தண்ணீர் விட்டுக் கழுவி மட்டும் கொடுங்கள் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நேராக ஸ்ரீபுரமோ ஜலகண்டேஸ்வரர் கோயிலோ போய்ப் பூஜை போடுவீர்கள். சந்தனம், குங்குமத்தை அன்று சாயங்காலமே ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள். சாமி குற்றம் ஆகாது. மூன்று நாள் வெயிலில் காய்ந்த குங்குமச் சாயம் வெள்ளைக் காரில் இறங்கி, அதை எடுக்கச் சொல்லி மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். மாலையில் கம்பி கட்டியிருந்தால் பானட்டில் படாமல் கட்டுங்கள், கற்பூரத்தைத் தட்டில் ஏற்றுங்கள்.

மாமனார் கார் வாங்கித் தருகிறார். அவரே கோட்டிங்கும் போடச் சொல்கிறார். மறுக்க முடியவில்லையே?

மறுக்க வேண்டாம். "மாமா, அதே காசுக்கு முன்பக்கம் டிபியு படலம் ஒட்டிவிடலாம், வெளியே தெரிந்த கடை இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் துடைக்கும்போது பக்கத்தில் நின்று துணி சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.